விலைக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை

பழைய துப்பாக்கி சேகரிக்கும் அமெரிக்கர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரே பல்லவிதான்: இணைய ஏலம் வந்தது, விலைக்குப் பைத்தியம் பிடித்தது. இந்த வாரம் ஒரு 1911 பிஸ்டல் இரண்டாயிரம் டாலருக்குப் போகிறது. அடுத்த மாதம் அதே மாடல், அதே தொழிற்சாலை, அதே ஆண்டு. ஆயிரத்து இருநூறோடு நின்றுவிடுகிறது. அதற்கடுத்த மாதம் மூவாயிரம். இதில் எதை நம்புவது? ஆகவே ஏலத்தில் விழுந்த விலையை விலையாகவே கணக்கில் எடுக்கக் கூடாது, அது வெறும் சூதாட்டம் என்கிறார்கள். உண்மையான மதிப்பு வேண்டுமானால் விலைப் புத்தகத்தைப் பார். இல்லையேல் நம்பிக்கையான வியாபாரியிடம் கேள் என்பது அவர்கள் தரும் அறிவுரை.

இப்படிச் சொல்பவர்கள் விவரமில்லாதவர்கள் அல்லர். அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு. 1999-இல் ஈபே துப்பாக்கி விற்பனைக்குக் கதவை அடைத்தது. அதே ஆண்டில் கன்புரோக்கர் என்ற துப்பாக்கி ஏலத் தளம் தொடங்கியது. அதற்கு முன்பு வாங்குகிறவர் கடையிலோ கண்காட்சியிலோ துப்பாக்கியைக் கையில் எடுத்து, குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்து, மரக்கட்டையைத் தடவிப் பார்த்துத்தான் பேரம் பேசினார். இப்போது ஏழெட்டுப் படங்களையும் நாலு வரி விவரத்தையும் நம்பிப் பணம் கட்டுகிறார். விற்பவரே தன் ஆளை உள்ளே விட்டு ஏலத்தை ஏற்றிவிடும் மோசடியும் நடக்கிறது. விலைகள் தாறுமாறாக ஏறி இறங்குவதும் கண்கூடு. இவ்வளவையும் மறுக்கவில்லை. இவற்றிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவைத்தான் மறுக்கிறேன். அந்த முடிவு தவறு என்பதோடு, யாருக்கோ லாபமான தவறும்கூட.

துப்பாக்கியை இத்தனை எளிதாக வாங்கி விற்கலாமா என்பது வேறு வழக்கு. அதில் எனக்குக் காரமான கருத்துகள் உண்டு. இங்கே அவற்றுக்கு இடமில்லை. இங்கே பேசுவது விலையைப் பற்றி மட்டும்.

1. "அதே துப்பாக்கி" என்கிறீர்களே, யார் சொன்னது அதே துப்பாக்கி என்று?

மொத்த வாதமும் இந்த இரண்டு சொற்களின் மேல்தான் நிற்கிறது. இதைத் தட்டினால் பாதிக் கட்டடம் சரிந்துவிடும்.

இரண்டாம் உலகப்போர் நெருங்கியபோது அமெரிக்க அரசு தையல் இயந்திரம் செய்யும் சிங்கர் நிறுவனத்திடம் 500 கைத்துப்பாக்கிகள் செய்து பார்க்கச் சொன்னது. 1911ஏ1 என்ற மாடல். 1941-இல் சிங்கர் அந்த 500-ஐயும் கொடுத்துவிட்டு வேறு போர்க் கருவிகள் செய்யப் போய்விட்டது. பின்னர் அதே பிஸ்டலைத் தட்டச்சு இயந்திரக் கம்பெனியான ரெமிங்டன் ராண்ட் எட்டு லட்சத்துக்கும் மேல் செய்து கொடுத்தது. வரைபடம் ஒன்று, அளவு ஒன்று. ஒன்றின் உதிரிப் பாகத்தை இன்னொன்றில் மாட்டலாம். ரெமிங்டன் ராண்டை இன்றும் சில ஆயிரம் டாலருக்கு வாங்கலாம். சிங்கர் ஒன்று 2017-இல் ராக் ஐலண்ட் ஏல நிறுவனத்தில் 4,14,000 டாலருக்குப் போனது. இந்த வித்தியாசத்தைப் பார்த்து யாரும் பைத்தியம் என்று சொல்வதில்லை. ஏனென்றால் இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும்.

தெரியாத கதைகளில்தான் பைத்தியப் பட்டம் கட்டப்படுகிறது. ஜப்பானிய ராணுவத்தின் டைப் 99 ரைஃபிளை எடுத்துக்கொள்வோம். அதன் மேற்புறத்தில் பேரரசரின் சாமந்திப்பூ முத்திரை இருக்கும். 1945 சரணாகதிக்குப் பின் ஒப்படைக்கப்பட்ட ரைஃபிள்களில் அந்தப் பூவை அராவி எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் போர்க்களத்தில் கைப்பற்றப்பட்டு அமெரிக்கச் சிப்பாயின் மூட்டையில் வந்தவற்றில் பூ பெரும்பாலும் முழுசாக இருக்கிறது. ஏலத் தளத்தில் இரண்டுக்கும் தலைப்பு ஒன்றுதான்: ஜப்பானிய டைப் 99. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறவருக்கு அவை இரண்டு வேறு பொருள்கள்.

ஜெர்மனியின் மவுசர் கே98கே ரைஃபிளில் குழலில் ஓர் எண், போல்ட்டில் ஓர் எண், சிறுசிறு பாகங்களிலும் எண். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தினால் அது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்று அர்த்தம். போல்ட் எண் மட்டும் மாறியிருந்தால் விலை வேறு. அப்புறம் 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன்பின் இறக்குமதியானவற்றில் இறக்குமதியாளர் பெயர் பொறித்திருக்க வேண்டும். குழலின் ஓரத்தில் பொடி எழுத்தில் அந்த வரி இருந்தால், இது தாத்தா போரிலிருந்து கொண்டுவந்தது அல்ல, பிற்காலத்தில் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்தது என்று சேகரிப்பாளருக்குத் தெரிந்துவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய கொடுமை மெருகு. நூறு வருடத்துத் துப்பாக்கியைப் புதிதாகக் கருநீல மெருகேற்றிப் பளபளக்க வைத்தால் புதியவர் கண்ணுக்கு அது உயர்ந்த சரக்கு. பழம் தின்றவருக்கு அது கெட்டுப்போன சரக்கு.

இதில் நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் திப்பு சுல்தானின் ஆயுதங்கள் இங்கிலாந்துக்குப் போயின. 2015-இல் லண்டன் போனம்ஸ் ஏலத்தில், சுல்தானின் சொந்த ஆயுதசாலையைச் சேர்ந்த வேட்டைத் துப்பாக்கி ஒன்று 7,22,500 பவுண்டுக்குப் போனது. 2019-இல் பெர்க்‌ஷயரில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து வெளிவந்த திப்புவின் இன்னொரு துப்பாக்கி, அதுவும் வெள்ளி வேலைப்பாடு உடையதுதான், 60,000 பவுண்டுக்கு நின்றது. திப்புவின் துப்பாக்கி என்ற இரண்டு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் ஏலம் பன்னிரண்டு மடங்கு புரண்டதாகத் தோன்றும். முதலாவது, ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் அறிந்திருந்த ஒரு பெரும் தொகுப்பின் பகுதி; அந்தத் தொகுப்பு ஏலத்துக்கு வந்த நாளில், உலகெங்குமிருந்து கேட்பவர்கள் காத்திருந்த அரங்கில் வந்தது. இரண்டாவது, பரணிலிருந்து வந்து சிறிய ஏல நிறுவனத்தின் மேசைக்குப் போனது. பொருளும் வேறு, சபையும் வேறு; விலை மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும்?

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. இணைய ஏலத்தில் கேட்பவர் துப்பாக்கிக்கு விலை வைப்பதில்லை, தான் பார்த்த படத்துக்கு வைக்கிறார். காட்டாத பக்கத்தில் துரு இருக்கும் என்றுதான் அனுபவசாலி கணக்கிடுவார். கலங்கிய நாலு படத்தோடு வந்த துப்பாக்கி குறைந்த விலைக்குப் போனால், அங்கே ஏலம் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

2. ஏலத்தில் விலையை வைப்பவர் ஜெயித்தவர் அல்லர், தோற்றவர்.

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும், புலம்பலில் முக்கால்வாசி அடங்கிவிடும். பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961-இலேயே இதை எழுதிவிட்டார். 1996-இல் அவருக்கு நோபல் பரிசும் அறிவிக்கப்பட்டது. மூன்று பேர் ஒரு ரிவால்வரைக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மனத்தில் 3,000 டாலர், அடுத்தவர் மனத்தில் 2,900, மூன்றாமவர் மனத்தில் 1,400. மூவரும் வந்தால் ரிவால்வர் 2,900-ஐ ஒட்டிய விலைக்குப் போகும். அடுத்த மாதம் அதேபோல இன்னொன்று வருகிறது. நடுவில் இருப்பவருக்கு அன்று காய்ச்சல், அல்லது மகளுக்குக் கல்யாணம். ரிவால்வர் 1,400 சொச்சத்துக்குப் போய்விடும். முதலாமவர் இன்னும் 3,000 கொடுக்கத் தயாராகத்தான் இருக்கிறார். அவரை அங்கே கொண்டுபோக ஆள் இல்லை. யாருடைய மனமும் மாறவில்லை. பொருளும் மாறவில்லை. விலை பாதியாகிவிட்டது. இதில் பைத்தியம் யாருக்கு?

காசிமேட்டில் விடியற்காலை வஞ்சிர மீன் ஏலம் நாளுக்கு நாள் மாறுகிறது. எத்தனை படகு வந்தது, எத்தனை வியாபாரி வந்தார் என்று கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். மீனுக்காவது தினமும் நூறு பேர் வருகிறார்கள். ஒரு குறிப்பிட்ட ஆண்டின், குறிப்பிட்ட பரிசோதகர் முத்திரை குத்திய துப்பாக்கியை உயிரைக் கொடுத்துத் தேடுபவர்கள் நாடு முழுக்கச் சிலரே இருப்பார்கள். அந்தச் சிலரில் எத்தனை பேர் அந்த வாரம் திரைக்கு முன் உட்கார்ந்தார்கள் என்பதுதான் விலையின் ஏற்ற இறக்கம். ஆள் குறைந்த சந்தையில் விலை தளும்பும். இதை முன்கூட்டியே சொல்லலாம். ஆகையால் இதை "கணிக்க முடியாதது" என்று எப்படிச் சொல்வது?

ஒரே ஒரு ஏலம் எந்த எண்ணில் நிற்கும் என்று சொல்ல முடியாது, இதை ஒத்துக்கொள்கிறேன். எந்த எல்லைக்குள் நிற்கும் என்று சொல்லலாம். முப்பது முடிந்த ஏலங்களை வரிசையாக எழுதினால், இரு முனையிலும் இரண்டொன்று விலகி நிற்கும், மீதி ஒரு நடுப்பகுதியில் கூடியிருக்கும். அந்த விலகி நின்ற இரண்டைத்தான் சேகரிப்பாளர்கள் வருடக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

செய்தித்தாள்களும் அப்படித்தான். 1873 ஜூலையில் பிரஸ்ஸல்ஸ் நகரில் கவிஞர் வெர்லேன் கவிஞர் ரம்போவைச் சுட்ட ரிவால்வர், லெஃபோஷே வகை, 7 மில்லிமீட்டர். 2016 நவம்பரில் பாரிஸ் கிறிஸ்டீஸில் 50,000 முதல் 60,000 யூரோ என்று மதிப்பிட்டார்கள். 4,34,500 யூரோவுக்குப் போனது. ஓவியர் வான்கோ தன்னைச் சுட்டுக்கொண்டதாகக் கருதப்படும் ரிவால்வரும் அதே லெஃபோஷே, அதே 7 மில்லிமீட்டர். வயலில் ஒரு விவசாயி கண்டெடுத்த துருப்பிடித்த இரும்பு. 2019-இல் மதிப்பீடு 40,000 முதல் 60,000 யூரோ, போனது 1,62,500. அமெரிக்கக் கொள்ளைக்காரன் பில்லி த கிட்டைக் கொன்ற பேட் காரெட்டின் கோல்ட் ரிவால்வருக்கு 2021-இல் போனம்ஸ் வைத்த மதிப்பீடு 20 முதல் 30 லட்சம் டாலர், போனது 60.3 லட்சம். "பாருங்கள், நிபுணர்களாலேயே கணிக்க முடியவில்லை" என்று இவற்றைக் கொண்டுவந்து நீட்டுவார்கள்.

மூன்றும் மேல்நோக்கியே தவறியிருப்பதைக் கவனியுங்கள். நிஜமாகவே கணிப்புக்கு அடங்காத ஒன்று இரு பக்கமும் தவற வேண்டும். கீழே விழுந்தவை, கேட்பாரற்றுத் திரும்பிப் போனவை செய்தியாவதில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று தொழில் ரகசியம்கூட அல்ல, ஊரறிந்த உத்தி: மதிப்பீட்டைத் தாழ்த்தி வைத்தால்தான் கூட்டம் வரும். கூட்டம் வந்தால்தான் முன் சொன்ன அந்த இரண்டாவது ஆள் கிடைப்பார். ஏல நிறுவனத்தின் மதிப்பீடு விளம்பரப் பலகையில் எழுதிய எண். அதைக் கணிப்பு என்று எடுத்துக்கொண்டு கணிப்பு பொய்த்தது என்று அழுவானேன்?

3. "நள்ளிரவில் இரண்டு சூடான தலைகள் கடைசி நொடியில் மோதிக்கொள்கின்றன" என்ற படம் ஈபேயிலிருந்து இரவல் வாங்கியது.

ஈபேயில் நேரம் முடிந்தால் ஏலம் முடிந்தது. அதனால் எல்லோரும் கடைசி நொடிக்காகப் பதுங்கியிருப்பார்கள். கன்புரோக்கரின் விதி வேறு: கடைசிப் பதினைந்து நிமிடத்துக்குள் யாராவது கேட்டால் ஏலம் நீளும். நம் ஊரில் "ஒரு தரம், இரண்டு தரம்" என்று இழுப்பதன் இணைய வடிவம். ஈபேயையும், அன்றைக்கு இதேபோல நேரத்தை நீட்டிய அமேசான் ஏலங்களையும் பொருளியலாளர்கள் ஆல்வின் ராத், ஆக்ஸல் ஒக்கன்ஃபெல்ஸ் இருவரும் ஒப்பிட்டு 2002-இல் கட்டுரை எழுதினார்கள். நேரம் நீளும் இடத்தில் கடைசி நொடிப் பாய்ச்சல் வெகுவாகக் குறைகிறது என்பது அதன் முடிவு. எதிராளிக்குப் பதில் சொல்ல நேரம் கிடைக்கும் ஏலத்தை எதிராளியே பார்க்காத ஏலம்போல் பேசுவது சோம்பல்.

4. நீங்கள் ஒப்பிடும் எண்கள் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல.

சிங்கரின் 4,14,000 டாலரைப் பிரித்துப் பார்ப்போம். சுத்தி தட்டியபோது நின்ற தொகை 3,60,000. மேலே பதினைந்து சதவீதம் வாங்குபவர் கொடுக்க வேண்டிய கமிஷன். ஜனாதிபதி கிராண்ட்டின் ரெமிங்டன் ரிவால்வர் ஜோடி 2022-இல் 51.7 லட்சம் டாலருக்குப் போனது என்றார்கள். அதில் ஏலத்தொகை 44 லட்சம், மீதி பதினேழரை சதவீதக் கமிஷன். ஐந்து வருடத்தில் கமிஷனே இரண்டரைப் புள்ளி ஏறியிருக்கிறது. இப்போது ஒருவர் பெரிய ஏல நிறுவனத்தின் கமிஷன் சேர்ந்த விலையையும், இன்னொரு தளத்தில் கமிஷன் சேராத விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "என்ன அநியாய வித்தியாசம்" என்கிறார். அநியாயம் அவர் கூட்டலில் இருக்கிறது.

இன்னும் உண்டு. மாநிலம் விட்டு மாநிலம் போகும் துப்பாக்கியை நேராக வீட்டுக்கு அனுப்ப முடியாது. உரிமம் பெற்ற வியாபாரி மூலமாகப் போய், அங்கே படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்தபின் கைக்கு வரும். அவருக்கு ஒரு கட்டணம். அனுப்பும் செலவு. 2018-இல் உச்ச நீதிமன்றம் வேஃபேர் வழக்கில் தீர்ப்புச் சொன்னபின் பல மாநிலங்களில் விற்பனை வரியும். விவரமான கேட்பவர் இவற்றையெல்லாம் கழித்துக்கொண்டுதான் தன் தொகையைப் போடுகிறார்.

இதைவிடப் பெரிய குளறுபடி, கேட்கும் விலையை விற்ற விலையாக நினைப்பது. தளத்தில் "உடனே வாங்க 4,500 டாலர்" என்று ஒரு வருடமாகத் தொங்கும் துப்பாக்கி 4,500 டாலர் துப்பாக்கி அல்ல. 4,500-க்கு யாரும் வாங்காத துப்பாக்கி.

கேட்ட தொகைகூட விலை அல்ல. 2016 மே மாதம், டிரேவான் மார்ட்டின் என்ற பதினேழு வயது கறுப்பினச் சிறுவனைச் சுட்டுக் கொன்று வழக்கில் விடுதலையான ஜார்ஜ் ஸிம்மர்மன், அந்தத் துப்பாக்கியையே ஏலத்துக்குக் கொண்டுவந்தார். கன்புரோக்கர் அதைத் தூக்கி வெளியே போட்டது. இன்னொரு தளத்தில் ஏலம் 6.5 கோடி டாலர் வரை போனது. கேட்டவர்கள் பொய்ப் பெயரில் வந்த கேலிக்காரர்கள். அந்த மனிதர் செய்ததன் மேல் இருந்த அருவருப்பை எண்களாகக் காட்டினார்கள். அந்த 6.5 கோடியை ஏல விலைகளின் கிறுக்குத்தனத்துக்குச் சாட்சியாகக் காட்டுவோர் உண்டு. பணம் கட்டும் எண்ணமே இல்லாதவன் கேட்ட தொகை எந்தப் பொருளுக்கும் விலை ஆகாது. ஆள் வைத்து ஏற்றும் மோசடியும் இதே வகைதான். அதைக் கண்டுபிடித்துத் தண்டிக்க வேண்டும். அதைக் காட்டி நேர்மையாக முடிந்த ஏலங்களையும் சேர்த்துத் தள்ளுபடி செய்வது கள்ளநோட்டுக்குப் பயந்து ரூபாயையே வேண்டாம் என்பது.

5. நாள்காட்டியில் தேதி போட்டு வந்த மாற்றங்களை "திடீர்" என்கிறார்கள்.

1986 மே 19 அன்று ரீகன் கையெழுத்திட்ட சட்டம், அதற்குப்பின் செய்யப்படும் இயந்திரத் துப்பாக்கிகளைத் தனியார் பதிவு செய்ய முடியாது என்று கணக்கை மூடிவிட்டது. அன்றைக்குப் பதிவேட்டில் இருந்தவைதான் எப்போதைக்கும் இருப்பு. உடைவது, தொலைவது, பறிமுதலாவது போக அந்த இருப்பு குறையுமே தவிரக் கூடாது. வாங்க விரும்புவோர் கூடிக்கொண்டே போகிறார்கள். அப்படிப் பதிவான ஒரு எம்16 இன்று பல பத்தாயிரம் டாலர். இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

இன்னொரு கோடு 1898. அந்த ஆண்டு முடிவதற்குள் செய்யப்பட்டது கூட்டரசுச் சட்டப்படி பழம்பொருள்; உரிம வியாபாரி வேண்டாம், படிவம் வேண்டாம், நேராக வீட்டுக்கு வரும். 1897-இல் செய்த வின்செஸ்டரும் 1903-இல் செய்த அதே மாடல் வின்செஸ்டரும் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். ஏலத்தில் முதலாவதைக் கேட்க அதிகம் பேர் வருவார்கள். சீரியல் நம்பரைப் பார்த்து ஆண்டைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர் கண்ணுக்கு இது மாயம்.

சோவியத் மோசின் நாகந்த் ரைஃபிள்கள் கோடிக்கணக்கில் செய்யப்பட்டவை. 2010 வாக்கில் அமெரிக்காவில் ஏறத்தாழ நூறு டாலருக்கே பெட்டியோடு கிடைத்தன. கிடங்குகள் காலியாயின, ரஷ்யாமீது தடைகள் வந்தன, இன்று பல மடங்கு கொடுக்க வேண்டும். ஏலம் இந்த விலையை உண்டாக்கவில்லை. கிடங்கு காலியான செய்தியை முதலில் சொன்னது ஏலம்.

இங்கே எதிர்த்தரப்பின் ஓர் இரட்டைப் பேச்சையும் சொல்லியாக வேண்டும். ஏல விலை கணிக்க முடியாதது என்று சொல்லும் அதே வாய், "எப்படியும் பழைய துப்பாக்கி விலை ஏறத்தான் செய்யும்" என்றும் சொல்லும். இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது. இரண்டுமே பொய்யாக இருக்கலாம். 1907-இல் அமெரிக்க ராணுவச் சோதனைக்காகச் செய்யப்பட்ட .45 காலிபர் லூகர் ஒன்று 1989-இல் பத்து லட்சம் டாலருக்குக் கைமாறி, "மில்லியன் டாலர் லூகர்" என்றே பெயர் வாங்கியது. 2010-இல் ஏலத்துக்கு வந்தபோது 4,94,500 டாலர். இருபத்தோரு வருடத்தில் பாதிக்கும் கீழே. வின்செஸ்டர் 1960-களில் வெளியிட்ட நினைவுப் பதிப்பு ரைஃபிள்களைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொத்து என்று பெட்டி பிரிக்காமல் வைத்தவர்கள் ஏராளம். 1966 நூற்றாண்டுப் பதிப்பு மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் அச்சடித்ததுபோல் வந்தது. எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் எப்படி அரிதாகும்? இதைச் சொல்ல ஏலம்கூடத் தேவையில்லை.

6. சரி, உங்கள் மாற்றுவழி என்ன?

புத்தகம் என்கிறார்கள். 'புளூ புக் ஆஃப் கன் வேல்யூஸ்' போன்ற விலைப் புத்தகங்கள் துப்பாக்கியின் நிலையைச் சதவீதமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை போடுகின்றன. நல்ல புத்தகங்கள், எந்த வகை எத்தனை செய்யப்பட்டது, எந்த எண் எந்த ஆண்டு என்று தெரிந்துகொள்ள அவை வேண்டும். ஆனால் அந்த விலைகளைத் தொகுத்தவர் கனவில் கண்டா எழுதினார்? நடந்த விற்பனைகளிலிருந்துதானே எடுத்தார். தளும்பும் எண்களை ஒரு சராசரிக்குள் அடைத்து அச்சில் ஏற்றிவிட்டால் தளும்பல் போய்விடாது, கண்ணுக்குத் தெரியாமல் போகும். அதுவும் அச்சான நாளிலிருந்து பழசாகிக்கொண்டே வரும்.

நிலையான விலை வைத்தால் என்ன என்கிறார்கள். வைத்தும் பார்த்தாயிற்று. அரசு ராணுவத்திடம் மிஞ்சிய 1911 பிஸ்டல்களை விற்கும் பொறுப்பை சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் என்ற அமைப்பு ஏற்றது. 2018-இல் தரத்துக்கேற்ப 850, 950, 1,050 டாலர் என்று விலை போட்டார்கள். சந்தை விலைக்குக் கீழே இருந்ததால் ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் குவிந்தது. யாருக்கு முதலில் கொடுப்பது? கணினியில் எண் குலுக்கினார்கள்! விலையில் இருந்த நிச்சயமின்மை வரிசைக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். ஏலத்தைச் சூதாட்டம் என்று சொன்னவர்கள் லாட்டரிச் சீட்டோடு வரிசையில் நின்றார்கள். அதே அமைப்பு தேர்ந்த சில 1911-களை இணைய ஏலத்துக்கு என்று தனியே எடுத்து வைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அபூர்வமான பொருளுக்குப் பட்டியல் விலை போட முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கடைசியில் வியாபாரி. இங்கேதான் இந்தப் பல்லவி யாருக்குச் சோறு போடுகிறது என்று தெரிகிறது.

ஒருவர் நாற்பது வருடம் சேர்த்த துப்பாக்கிகளை விட்டுவிட்டு இறந்துபோகிறார். மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ அவற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. வீட்டிலிருந்து போனால் போதும் என்றிருக்கிறார்கள். வியாபாரி வருகிறார். துக்கம் விசாரிக்கிறார். "அம்மா, இணையத்தில் போட்டால் என்ன விலை வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆயிரம் வரலாம், இருநூறும் வரலாம். நான் எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்றே இவ்வளவு தருகிறேன்" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. சேகரிப்பாளர்கள் வருடக்கணக்கில் சொல்லிப் பழக்கிய அதே வாக்கியத்தைத்தான் திருப்பிச் சொல்கிறார். ஒரு துப்பாக்கிக்கு விலை தளும்பும் என்பது உண்மை. அறுபது துப்பாக்கிக்குச் சேர்த்துப் பார்த்தால் ஏற்றமும் இறக்கமும் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும் என்பதும் உண்மை. முதல் உண்மையை அவர் சொல்கிறார். இரண்டாவதை நம்பித்தான் அவர் வாங்குகிறார். வாங்கியதை எங்கே விற்பார் என்று நினைக்கிறீர்கள்?

வியாபாரிக்கு லாபம் கூடாது என்று நான் சொல்லவில்லை. படம் எடுப்பது, எழுதுவது, அனுப்புவது, படிவம் நிரப்புவது, விற்காததை வைத்துக்கொண்டு காத்திருப்பது எல்லாம் உழைப்பு. அதற்குக் கூலி உண்டு. ஆனால் கூலி எவ்வளவு என்று தெரிந்துகொண்டு கொடுப்பது ஒன்று, ஏல விலைக்கு அர்த்தமே இல்லை என்று நம்பி இருட்டில் கொடுப்பது இன்னொன்று.

அந்த வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது மிகச் சாதாரணம். முதலில், துருவைத் தேய்க்கிறேன், எண்ணெய் போடுகிறேன் என்று எதையும் தொடாமல் இருப்பது. தோட்டா இல்லை என்று விவரம் தெரிந்தவரை வைத்து உறுதி செய்துகொண்டு, ஒவ்வொன்றின் சீரியல் நம்பரையும் முத்திரைகளையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுப்பது. தாத்தாவின் பெட்டியில் பழைய ரசீதோ ராணுவத்தின் அனுமதிச் சீட்டோ இருந்தால் அதைத் துப்பாக்கியோடு சேர்த்தே வைப்பது. காகிதம் இல்லாத கதைக்கு ஏலத்தில் மரியாதை குறைவு. அப்புறம் அதே வகை, அதே ஆண்டு, அதே நிலையில் உள்ளவை எவ்வளவுக்கு விற்று முடிந்தன என்று தேடி, தொங்கிக்கொண்டிருக்கும் விலைகளை ஒதுக்கிவிட்டு, விற்றவற்றை வரிசையாக எழுதி, மேலே ஒன்றிரண்டையும் கீழே ஒன்றிரண்டையும் அடித்துவிட்டு, நடுவில் நிற்பதை எடுத்து, அதில் தளத்தின் கட்டணத்தையும் செலவையும் கழிப்பது. வரும் தொகையை வியாபாரி சொன்ன தொகைக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டு, நடுவில் இருக்கும் வித்தியாசம் எதற்கு என்று அவரிடமே கேட்கலாம். காரணம் சொன்னால் விற்கலாம். "ஏல விலையை நம்பாதீர்கள்" என்று மட்டும் சொன்னால், அடுத்த வியாபாரியைக் கூப்பிடலாம்.